மூன்று சாலை கூடும் இடம்: கிரீஸில் எட்டு நாள்

முதல் நாள், ஏதென்ஸ்

காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கிறது. ஜூலையில் கிரீஸுக்குப் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எபிடாரஸ் அரங்கத்தில் கோடையில்தான் நாடகம் போடுவார்கள், அக்காவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும், அதனால் ஜூலை. அக்கா கல்லூரியில் முப்பது வருடம் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு நாலு வருடமாக வீட்டில் உட்கார்ந்து பழைய கிரேக்கம் படிக்கிறாள். நான் கூட வந்தவன், கார் ஓட்டுபவன், தினமும் ராத்திரி இதை எழுதிப் போடப் போகிறவன்.

எல்லோரும் பார்த்தினானைப் பார்க்க அக்ரோபோலிஸ் மேலே ஏறிப் போகிறார்கள். நாங்கள் தெற்குச் சரிவிலேயே நின்றுவிட்டோம். மதுவுக்கும் நாடகத்துக்கும் கடவுளான டயோனிசஸின் அரங்கம் இங்கேதான். இன்று நாம் பார்க்கும் கல்லிருக்கைகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வந்தவை. நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் காலத்தில் மரப்பலகைகளும் மண்சரிவும்தான். முன்வரிசையில் நடுவில் ஒரு பளிங்கு ஆசனம் இருக்கிறது, டயோனிசஸ் பூசாரிக்கு உரியது, கைப்பிடிகளில் சிற்பம் செதுக்கி இன்னும் அழகாக இருக்கிறது. கயிறு கட்டியிருப்பதால் கிட்டே போக முடியவில்லை.

வசந்த காலத் திருவிழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகமும் கடைசியில் ஒரு கேலி நாடகமும் எழுதித் தர வேண்டும். பகல் வெளிச்சத்தில், கடவுளுக்கு முன்னால், ஊரே கூடியிருக்க நடக்கும். ஆனால் எனக்கு மனதில் தைத்தது நாடகத்துக்கு முன்னால் நடந்ததுதான். கூட்டணி நகரங்கள் ஏதென்ஸுக்குக் கட்டிய கப்பத்தை, அந்த வெள்ளியை, இதே வட்டத் தளத்துக்குள் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டுவார்கள். போரில் தகப்பனை இழந்து ஊர்ச் செலவில் வளர்ந்த பையன்கள் முழுக் கவசத்தோடு அணிவகுத்து வருவார்கள். அதைப் பார்த்துப் பெருமைப்பட்ட அதே ஜனங்கள், அதே இருக்கையில் இருந்தபடி, பெருமையால் அழிந்தவர்களின் கதையைப் பார்த்து அழுதார்கள்.

கி.மு. 416இல் மெலோஸ் தீவு பணிய மறுத்தது என்று அங்கே ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது ஏதென்ஸ். அடுத்த வசந்தத்தில், 415இல், நாடகாசிரியர் யூரிபிடிஸ் இங்கேதான் டிராய் நகரத்துப் பெண்களின் ஓலத்தை மேடையேற்றினார். அந்தக் கோடையிலேயே சிசிலியைப் பிடிக்கக் கப்பல்கள் கிளம்பின. இரண்டு வருடத்தில் படை மொத்தமும் அங்கேயே அழிந்தது.

"பார்த்தாங்க, அழுதாங்க, அப்புறம் போய்க் கப்பல் ஏறிட்டாங்க" என்றாள் அக்கா. ரொம்ப நேரம் அவள் வேறு எதுவும் பேசவில்லை.

இரண்டாம் நாள், சலமிஸ்

பெராமாவிலிருந்து படகில் கால் மணி நேரம்கூட இல்லை. இரண்டு பக்கமும் கப்பல் பழுது பார்க்கும் பட்டறைகள், துருப்பிடித்த கிரேன்கள், எண்ணெய் வாடை. இந்தக் குறுகலான தண்ணீரில்தான் கி.மு. 480இல் பாரசீகக் கடற்படை சிக்கி உடைந்தது. எதிரே தெரியும் எகாலியோ மலையடிவாரத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்து, ஜெயிக்கப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தான் பாரசீக மன்னன் செர்க்சஸ்.

எட்டு வருடம் கழித்து, 472இல், நாடகாசிரியர் எஸ்கிலஸ் இதை நாடகமாக்கினார். நமக்கு முழுசாகக் கிடைத்திருக்கும் துன்பியல் நாடகங்களில் மிகப் பழையது இதுதான். எஸ்கிலஸ் மராத்தான் போரில் சண்டை போட்டவர், தம்முடைய சகோதரனை அங்கே பலிகொடுத்தவர். பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த நீரிணையில் துடுப்பு வலித்தவர்கள். அப்படியானால் வெற்றிக் கூத்தாக அல்லவா எழுதியிருக்க வேண்டும்? அவர் கதையைப் பாரசீகத் தலைநகரில் வைத்தார். மகனுக்காகக் காத்திருக்கும் தாய், செய்தி கேட்டுக் கதறும் முதியவர்கள், கடைசியில் கிழிந்த துணியோடு வந்து நிற்கும் செர்க்சஸ். நாடகம் முழுக்க ஒரு கிரேக்க வீரனின் பெயர்கூட வராது. எதிரியின் வீட்டு இழவை எதிரியின் வீட்டிலேயே இருந்து பார்க்க வைத்தார். இதை நினைக்க நினைக்க எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

இதில் இறந்துபோன டேரியஸ், செர்க்சஸின் தகப்பன், கல்லறையிலிருந்து ஆவியாக எழுந்து வருகிறான். பாரசீகத்துக்கு அழிவு வரும் என்று ஆருடம் இருப்பது அவனுக்கு முன்பே தெரியும். தெய்வங்கள் அதை வெகுகாலம் கழித்துத்தான் நிறைவேற்றும் என்று நினைத்திருந்தானாம். மகன் ஹெலஸ்பான்ட் நீரிணைக்குக் குறுக்கே பாலம் கட்டி, புனிதமான நீரை அடிமையைப் போல விலங்கிட்டதைக் கேள்விப்பட்டதும் ஒரு வரி சொல்கிறான். அக்கா படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கிரேக்கத்தில் சொல்லிவிட்டுத் தமிழில் சொன்னாள்: "ஒருவன் தானே அவசரப்பட்டால், தெய்வமும் கூடச் சேர்ந்துகொள்கிறது."

இந்த வரிதான் என்னை இந்தப் பயணம் முழுக்க இழுத்துப் போகும் போலிருக்கிறது. விதியா, அவனவன் செய்ததா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டுத்தான் நான் பழகியிருக்கிறேன். எஸ்கிலஸ் பிரிக்கவே இல்லை. இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள் என்கிறார்.

இன்னொன்றும் அக்காவிடம் தெரிந்துகொண்டேன். ஹுப்ரிஸ் என்ற சொல்லை நாம் ஆணவம், இறுமாப்பு என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். ஏதென்ஸில் அது சட்டப்படி ஒரு குற்றம். ஒருவரை அடித்தோ அவமானப்படுத்தியோ தான் பெரியவன் என்று காட்டிச் சுகம் காண்பது. அதற்கு வழக்குப் போடலாம். அதாவது மனசுக்குள் இருக்கும் குணத்தை மட்டும் குறிக்கவில்லை, அடுத்தவன்மேல் இறங்கும் கையையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அதே டேரியஸ் வாயில் எஸ்கிலஸ் இப்படியும் வைக்கிறார்: ஹுப்ரிஸ் பூத்து, அழிவு என்னும் கதிர் விட்டது, அறுத்ததெல்லாம் கண்ணீர். விவசாயிக்குப் புரிகிற மாதிரி.

மூன்றாம் நாள், தீப்ஸ்

வாடகைக் கார் எடுத்தாயிற்று. வலப்பக்கம் ஓட்டுவது முதல் அரை மணி நேரம் கையெல்லாம் வியர்த்தது, அப்புறம் பழகிவிட்டது. விரைவுச் சாலையை விட்டுப் பழைய சாலையில் போனோம். எஸ்கிலஸ் பிறந்த எலூசிஸ் வழியாகத்தான் அது போகிறது. அங்கே பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே கடந்தோம். பிறகு மலை. கித்தைரோன்.

வளைவில் காரை நிறுத்தச் சொன்னாள் அக்கா. பைன் மரங்கள், சில்வண்டுச் சத்தம், எங்கோ ஆட்டு மணி. இந்த மலையில்தான் கணுக்காலைத் துளைத்துக் கட்டிய ஒரு பச்சைக்குழந்தையைப் போட்டுவிட்டு வரச் சொல்லி ஒரு இடையனிடம் கொடுத்தார்கள். அவன் மனசு கேட்காமல், கொரிந்து நாட்டு இடையன் ஒருவனிடம் அதைக் கொடுத்துவிட்டான். "எதுக்குக் கொடுத்தே?" என்று பிற்பாடு அந்தக் குழந்தையே வளர்ந்து தீப்ஸ் அரசனான ஈடிபஸ் அவனையே கேட்கும்போது அவன் சொல்லும் பதில், "பாவமாக இருந்தது, ஐயா." இந்தக் கதையில் ஆணவம் ஆணவம் என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இவ்வளவு பெரிய அழிவுக்குள்ளே ஒரு ஏழையின் இரக்கமும் கலந்திருக்கிறது.

தீப்ஸ், இப்போது தீவா என்கிறார்கள், சாதாரணச் சின்ன ஊர். செல்போன் கடை, மருந்துக்கடை, நிழலில் காபி குடிக்கும் கிழவர்கள். பழைய கோட்டை மேடு இந்த ஊருக்கு அடியிலேயே புதைந்திருக்கிறது, வீடு கட்டத் தோண்டினால் அரண்மனை தென்படும். ஏழு வாசல்களில் எலெக்ட்ரா வாசலின் இரண்டு வட்டக் கோபுரங்களின் அடிப்பகுதி மட்டும், அடுக்குமாடிகளுக்கு நடுவில், கம்பி வேலிக்குள். கி.மு. 335இல் அலெக்ஸாண்டர் ஊரைத் தரைமட்டமாக்கினான், கவிஞர் பிண்டாரின் வீட்டை மட்டும் விட்டுவைத்தான். அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. அங்கே தனாக்ராவில் கிடைத்த மண் சவப்பெட்டிகள், நாடகக் காலத்துக்கும் எண்ணூறு வருடம் முந்தியவை. பெட்டியின் பக்கவாட்டில் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வரிசையாக அழும் பெண்கள். நம் ஊர் ஒப்பாரியில் கை எங்கே போகுமோ அங்கேதான் இருக்கிறது அந்தக் கை.

மதியம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சோஃபக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தைப் பற்றித்தான் பேசினோம். இது மேடையேறிய ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டாலும், கி.மு. 430இல் ஏதென்ஸைக் கொள்ளை நோய் தாக்கியதற்குக் கொஞ்சம் பிந்தியதாகப் பலர் வைக்கிறார்கள். நாடகமும் கொள்ளை நோயில்தான் தொடங்குகிறது. முந்தைய அரசன் லையஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் நோய் தீரும் என்று டெல்ஃபியின் அப்போலோ கோயில் ஆருடத்திலிருந்து செய்தி. ஈடிபஸ் உடனே ஊர் கூட்டிச் சாபமிடுகிறான். அவன் என் வீட்டிலேயே எனக்குத் தெரிந்தே இருந்தால் இந்தச் சாபம் என்மேல் விழட்டும் என்கிறான். லையஸ் என் சொந்தத் தகப்பன் என்பது போல அவனுக்காகப் போராடுவேன் என்கிறான். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கதை தெரியும். அந்த வரியைக் கேட்கும்போது அவர்கள் வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

நான் அக்காவிடம் கேட்டேன், "அப்பனைக் கொல்லுவான், அம்மாவைக் கட்டுவான்னு முன்னாடியே சொல்லியாச்சு. அப்புறம் அவன் கையில என்னதான் இருக்கு?"

"கொலையும் கல்யாணமும் நாடகம் ஆரம்பிக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு, தம்பி. மேடையில நடக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அவன் கண்டுபிடிக்கிறான். அதை எந்த ஆருடமும் அவனைச் செய்யச் சொல்லல."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பார்வையற்ற ஆருடக்காரன் டைரீசியஸ் சொல்ல மறுக்கிறான், ஈடிபஸ் திட்டித் திட்டிச் சொல்ல வைக்கிறான், சொன்னதும் நீயும் என் மைத்துனன் கிரியோனும் சேர்ந்து சதி செய்கிறீர்கள் என்கிறான். அவன் மனைவியும் தாயுமான ஜொகாஸ்டாவுக்கு அவனுக்கு முன்பே புரிந்துவிடுகிறது, உயிர்மேல் ஆசை இருந்தால் தேடாதே என்று கெஞ்சுகிறாள். என் பிறப்பு தாழ்ந்ததாக இருக்குமோ என்று இவளுக்கு வெட்கம், நான் அதிர்ஷ்டத்தின் பிள்ளை, எனக்கென்ன என்கிறான். கடைசியில் அந்த இடையன் வந்து நிற்கிறான். சொல்லக் கூடாததைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான் அவன். நான் அதைக் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் ஈடிபஸ்.

இதை ஆணவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. டைரீசியஸிடம் காட்டியது ஆணவம், சந்தேகமே இல்லை. ஆனால் இடையனிடம் கேட்டது? ஊர் செத்துக்கொண்டிருக்கிறது, அரசன் உண்மையைக் கேட்கிறான், அது தன்னையே அழிக்கும் என்று தெரிந்த பிறகும் கேட்கிறான். ஸ்ஃபிங்க்ஸ் என்ற அரக்கியின் புதிரை அவிழ்த்து இந்த ஊரைக் காப்பாற்றிய அதே அறிவும் அதே அவசரமும்தான். அது வேறு குணம், இது வேறு குணம் என்று பிரிக்க முடியாமல் இருக்கிறது.

நான்காம் நாள், மூன்று சாலை, டெல்ஃபி

லிவாடியாவைத் தாண்டினால் சாலை பர்னாஸஸ் மலையை நோக்கி ஏறுகிறது. ஒரு பக்கம் டாவ்லியாவுக்கும் இன்னொரு பக்கம் டிஸ்டோமோவுக்கும் பிரியும் பகுதியில், கீழே ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. பழைய பாதைகள் அங்கேதான் கூடின. பிளந்த சாலை என்று சோஃபக்ளிஸ் இதற்குப் பெயர் சொல்கிறார், டெல்ஃபியிலிருந்தும் டாவ்லியாவிலிருந்தும் வரும் வழிகள் சேரும் இடம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இவ்வழியே போன பயண எழுத்தாளர் பாசனியஸ், சந்தியின் நடுவே லையஸுக்கும் அவன் வேலைக்காரனுக்கும் செதுக்காத கற்களைக் குவித்த சமாதிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். இப்போது முள்ளும் காய்ந்த புல்லும்தான். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். காற்று பலமாக அடித்தது.

ஈடிபஸே தன் வாயால் சொல்லும் கதை இது. எதிரே ஒரு வண்டி வருகிறது. முன்னால் வருபவனும் வண்டியில் இருக்கும் கிழவரும் அவனை வழியைவிட்டுத் தள்ளப் பார்க்கிறார்கள். கோபத்தில் வண்டியோட்டியை அடிக்கிறான். கிழவர் அவன் பக்கத்தில் வரும்வரை பார்த்திருந்து, வண்டியை ஓட்டும் இரட்டை முள் கோலால் நடு மண்டையில் போடுகிறார். இவன் கைத்தடியால் ஒரே அடி, கிழவர் வண்டியிலிருந்து உருண்டு விழுகிறார். "எல்லோரையும் கொன்றேன்." இவ்வளவுதான் அவன் சொல்வது. ஒருவன் தப்பி ஓடியது அவனுக்குத் தெரியாது.

யார் வழி விடுவது என்ற சண்டை. குறுகலான சாலையில் ஒதுங்கத் தெரியாத இரண்டு பேர், தகப்பனும் மகனும், ஒரே அச்சில் வார்த்த கோபம்.

உன் தகப்பனைக் கொல்லுவாய் என்று கேட்டுவிட்டு நேரே டெல்ஃபியிலிருந்து வருகிறவன், தகப்பன் வயதுள்ள ஒருவர்மேல் கை வைக்கலாமா என்று நான் கேட்டேன். அக்கா உடனே எதிர்த்தாள். முதலில் தள்ளியது யார், மண்டையில் அடித்தது யார், தனியாக ஐந்து பேரிடம் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான் என்று அவன் பக்கத்து வக்கீலாகவே மாறிவிட்டாள். பிறகு குரல் இறங்கி, "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றாள். ஹமார்ட்டியா என்று அரிஸ்டாட்டில் சொன்னதைக் குணக்குறை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஈடிபஸின் குறை என்ன, அகமெம்னானின் குறை என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டாளாம். கிரேக்கம் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அது குறி தவறுவது. அம்பு விடுகிறவன் நல்ல வில்லாளியாகவும் இருக்கலாம், அம்பு இலக்கில் படாமல் போகலாம். அரிஸ்டாட்டில் ஒருவனைக் கெட்டவன் என்று சொல்ல அந்தச் சொல்லை எடுக்கவில்லை, கெட்டவனாக இல்லாதவன் ஏன் விழுகிறான் என்று சொல்லத்தான் எடுத்தார்.

"அத்தனை விடைத்தாளையும் திருத்தி மார்க் போட்டேனே" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

அரஹோவா கடைத்தெருவில் சாலை அவ்வளவு குறுகல். எதிரே ஒரு சுற்றுலா பஸ், எனக்குப் பின்னால் நாலு கார். நான்தான் முதலில் நுழைந்தேன், அவன்தான் பின்னால் எடுக்க வேண்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். அக்கா என் முழங்கையில் கை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் பின்னால் எடுத்தேன்.

டெல்ஃபி பற்றி எவ்வளவோ எழுதலாம். இரண்டு செங்குத்தான பாறைகளுக்குக் கீழே கோயில், அதில் திரும்ப நிறுத்திய ஆறு தூண்கள், கீழே கடல்வரை வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒலிவ மரங்கள். கோயில் முகப்பில் மூன்று வாசகங்கள் பொறித்திருந்தார்களாம். உன்னை அறி. எதிலும் மிகை வேண்டாம். மூன்றாவதைப் பலரும் சொல்வதில்லை: பிணை நின்றால் பக்கத்திலேயே கேடு. இப்போது அந்தக் கல் எதுவும் இல்லை. உன்னை அறி என்பதை ஏதோ தியானத்துக்கான வாக்கியமாக நான் நினைத்திருந்தேன். இங்கே அதற்கு, நீ மனிதன், தெய்வம் இல்லை, அதை நினைவில் வை என்று அர்த்தம். ஈடிபஸ் என்ற பெயருக்கு வீங்கிய கால் என்று பொருள், ஆனால் அதற்குள்ளேயே ஓய்டா, அறிவேன், என்ற சொல்லும் ஒலிக்கிறது. ஸ்ஃபிங்க்ஸை ஜெயித்தது நான்தான், ஒன்றும் அறியாத ஈடிபஸ், என்று டைரீசியஸிடம் குத்தலாகச் சொல்லிக் காட்டுகிறான். பாவம், அது அப்படியே உண்மை.

கோயில் படிக்கட்டருகே அக்கா சொன்ன ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஈடிபஸ் இங்கே வந்தது ஒரு கேள்வியோடு. கொரிந்தில் குடித்திருந்த ஒருவன், நீ உன் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டான், அதனால் என் பெற்றோர் யார் என்று கேட்க வந்தான். அப்போலோ அதற்குப் பதிலே சொல்லவில்லை. தகப்பனைக் கொல்லுவாய், தாயை மணப்பாய் என்று வேறொன்றைச் சொன்னார். அந்தப் பயத்தில் தன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதையே ஈடிபஸ் மறந்துவிட்டான். பதில் வந்துவிட்டது போல, கொரிந்தில் இருப்பவர்கள்தான் பெற்றோர் என்று முடிவு செய்து, அவர்களைவிட்டு ஓடினான். ஓடியது தீப்ஸ் பக்கம்.

லிடியா நாட்டு அரசன் குரோசஸும் இப்படித்தான். ஹாலிஸ் ஆற்றைக் கடந்தால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்று ஆருடம் வந்தது. கடந்தான், அழிந்தது அவனுடையது. யாருடைய பேரரசு என்று இன்னொரு முறை ஆள் அனுப்பிக் கேட்டிருக்க வேண்டாமா என்று டெல்ஃபி பிற்பாடு கேட்டதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதுகிறார். இன்னொரு முறை கேட்க இருவருக்குமே பொறுமை இல்லை.

விதிக்குக் கிரேக்கத்தில் மொய்ரா என்று பெயர். அடிப்பொருள் பங்கு. பந்தியில், நிலத்தில், கொள்ளையில் ஒருவனுக்கு வரும் பங்கு. தொல்காப்பியம் ஊழைப் பால் என்கிறது, பால்வரை தெய்வம் என்கிறது. பால் என்றாலும் பகுதி, பங்குதான். இரண்டு மொழியும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றதாக நான் சொல்லவில்லை. ராத்திரி விடுதி மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது தோன்றியது, மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள்

முழுக்கப் பயணம். டெல்ஃபியிலிருந்து நாஃப்பிளியோ. கழுத்து வலி. வழியில் கொரிந்து கால்வாய்மேல் நின்று கீழே பார்த்தோம், தலை சுற்றியது. அக்கா சீக்கிரம் தூங்கிவிட்டாள்.

ஆறாம் நாள், மைசீனி

சிங்க வாசலுக்குள் நுழையும்போது பேச்சு தானாக நின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய கற்கள். 1876இல் தொல்லியலாளர் ஷ்லீமன் இங்கே தங்க முகமூடியைத் தோண்டி எடுத்து அகமெம்னான் முகத்தைக் கண்டுவிட்டதாக நம்பினார். உண்மையில் அது டிராய் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. இன்னொன்று, எஸ்கிலஸ் கி.மு. 458இல் மேடையேற்றிய நாடகத்தில் அகமெம்னானின் ஊர் மைசீனி இல்லை, பக்கத்து ஆர்கோஸ். ஆனாலும் இந்த வெயிலில் இந்த மேட்டில் நின்றால் அந்தக் காட்சிதான் மனதில் ஓடுகிறது.

பத்து வருட டிராய் போர் முடிந்து, கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கிய அரசன் அகமெம்னான் தேரில் வந்து நிற்கிறான். மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா வாசலிலிருந்து சிவந்த ஊதாத் துணிகளை விரிக்கச் சொல்கிறாள். கடல் நத்தையிலிருந்து சாயம் எடுத்த துணி, வெள்ளிக்கு நிகர் விலை, மிதிப்பதற்கு உள்ளதே இல்லை. அவனுக்கு அது தெரியும். தெய்வத்துக்குச் செய்வதை எனக்குச் செய்யாதே, மனிதனாகவே என்னை மதி என்கிறான். எவ்வளவு சரியான பேச்சு! அவள் கேட்கிறாள்: டிராய் மன்னன் பிரியம் ஜெயித்திருந்தால் என்ன செய்திருப்பான்? மிதித்துத்தான் நடந்திருப்பான். ஜெயித்தவனுக்கு ஒரு முறை விட்டுக்கொடுப்பதும் அழகுதான், எனக்காக. சரி என்று செருப்பைக் கழற்றச் சொல்லி, தெய்வத்தின் பொறாமைக் கண் படாமல் இருக்கட்டும் என்று முனகிக்கொண்டே நடந்து போகிறான். உள்ளே குளியலறையில் சாவு காத்திருக்கிறது.

அவன் அந்தத் துணியில் நடந்ததால் சாகவில்லை, மறுத்திருந்தாலும் அவள் கொன்றிருப்பாள். கப்பல்கள் கிளம்பக் காற்று வேண்டும் என்று மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்த அன்றே அது முடிவாகிவிட்டது. ஆனால் எஸ்கிலஸ் அவனை நடக்க வைக்கிறார், நாம் பார்க்க வேண்டும் என்பதற்காக. பலி கொடுத்த நாளைச் சொல்லும்போது கோரஸ், அதாவது நாடகத்தின் பாடகர் குழு, ஒரு சொற்றொடரைப் பாடுகிறது: கட்டாயம் என்னும் நுகத்தை அவன் பூட்டிக்கொண்டான். கட்டாயம் அவன்மேல் நுகத்தைப் பூட்டியது என்று பாடவில்லை. தானே போய்க் கழுத்தைக் கொடுத்தான். சலமிஸ் படகில் கேட்ட அதே வரி இங்கே வேறு உடுப்பில் வந்து நிற்கிறது.

அக்கா இஃபிஜீனியாவைப் பற்றி மட்டும்தான் பேசினாள். வாயில் துணியை அடைத்துத் தூக்கினார்கள், சபித்துவிடுவாளோ என்று. பேச முடியாமல் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தாள், அப்பா விருந்துகளில் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டவர்கள்தான் எல்லோரும். சொல்லும்போது அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்.

ஏழாம் நாள், எபிடாரஸ்

அரங்கம் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. 55 வரிசை. பகலில் வழிகாட்டி ஒருவர் நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்துக் காட்டினார், பாதி உயரத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கேட்டது. மருத்துவக் கடவுள் அஸ்கிலீபியஸின் கோயில் வளாகம் இது, நோயாளிகள் தங்கிக் குணமாக வந்த இடம். துன்பியல் நாடகத்தையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு ஆன்டிகனி. நவீன கிரேக்கத்தில் நடந்தது, ஓரத்தில் ஆங்கில எழுத்து ஓடியது, நான் கொஞ்ச நேரத்தில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கல் பகல் வெயிலை இன்னும் வைத்திருந்தது, காலுக்குக் கீழே சூடு. ஆயிரக்கணக்கான பேர் அசையாமல் இருந்தார்கள்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஊர்மேல் படையெடுத்துச் செத்த ஈடிபஸின் மகன் பாலினைசஸைப் புதைக்கக் கூடாது என்று அரசன் கிரியோன் தடை போடுகிறான், தங்கை ஆன்டிகனி மண் போடுகிறாள், அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். கிரியோனின் மகனும் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹீமோன் வந்து சொல்கிறான், வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளையோடு தப்பும், விறைத்து நிற்கும் மரம் வேரோடு போகும் என்று. இந்த வயதில் இந்தப் பையனிடம் பாடம் கேட்பதா என்கிறான் தகப்பன். நடிகர் அந்த வரியைக் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

நான் இதுவரை கவனிக்காத ஒரு இடம். டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு கிரியோன் ஆடிப்போய், என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், கேட்கிறேன் என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: முதலில் போய்ப் பெண்ணை விடு, பிறகு இறந்தவனுக்குச் சமாதி கட்டு. அவன் ஓடுகிறான். ஆனால் தூதுவன் வந்து சொல்லும்போதுதான் தெரிகிறது, அவன் முதலில் போனது பிணத்திடம். கழுவி, விறகு சேர்த்து, எரித்து, மண்மேடு எழுப்பி, எல்லாம் முறையாக முடித்துவிட்டுத்தான் குகைக்குப் போனான். அவள் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தாள். மகன் அவளைக் கட்டிப் பிடித்தபடி, தகப்பன்மேல் வாளை வீசி, தவறி, தன்மேலேயே பாய்ச்சிக்கொண்டான். செய்தி கேட்டுத் தாயும் போனாள்.

தப்பை ஒத்துக்கொண்டான், இறங்கிவந்தான், எல்லாம் செய்தான், வரிசையை மாற்றிவிட்டான். உயிரோடு இருக்கிறவளைவிட, ஒழுங்காக முடிக்க வேண்டிய சடங்கு முந்திக்கொண்டது. அதுவரை நான் கிரியோனை வெறுத்துக்கொண்டுதான் இருந்தேன். மகனைத் தூக்கிக்கொண்டு அந்த நடிகர் வட்டத்துக்குள் வந்தபோது வெறுக்க முடியவில்லை. இப்படி வரிசையை மாற்றிய ஆள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. விவரம் வேண்டாம், அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கார் நிறுத்திய இடம்வரை யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எட்டாம் நாள், கொலோனஸ்

நாளை விமானம். கடைசி மாலையை அக்கா இதற்காகத்தான் வைத்திருந்தாள். ஏதென்ஸில் லாரிஸா ரயில் நிலையத்தில் இறங்கி, துணி காயும் பால்கனிகளுக்குக் கீழே நடந்து போனால் ஒரு சின்ன மேடு. சோஃபக்ளிஸ் பிறந்த ஊர். அன்றைக்கு நகரத்துக்கு வெளியே சோலையும் பறவையிசையுமாக அவர் பாடிய இடம், இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு பூங்கா. மேலே கம்பிக்குள் இரண்டு பளிங்குச் சமாதிகள். ஒன்று ஜெர்மன் அறிஞர் முல்லருடையது. 1840 கோடையில் டெல்ஃபியில் வெயிலில் நின்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, காய்ச்சல் கண்டு, ஏதென்ஸில் இறந்தவர். நாங்கள் நாலு நாள் முன்னால் நின்ற அதே வெயில். அக்கா ரொம்ப நேரம் அங்கே நின்றாள்.

சோஃபக்ளிஸ் தொண்ணூறு வயதை ஒட்டி எழுதிய நாடகம், கொலோனஸில் ஈடிபஸ். கி.மு. 406 வாக்கில் அவர் இறந்தார், 404இல் ஏதென்ஸ் போரில் தோற்றது, 401இல் பேரன்தான் இதை மேடையேற்றினான். பார்வையில்லாத கிழவனாக, மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஈடிபஸ் இந்த மேட்டுக்கு வருகிறான். தீப்ஸில் கண்ணைக் குத்திக்கொண்ட அன்று, இதையெல்லாம் நடத்தியது அப்போலோ, ஆனால் கண்ணில் குத்திய கை என்னுடையது என்றவன், இங்கே, என் செயல்கள் நான் செய்தவை அல்ல, எனக்கு நேர்ந்தவை என்று வாதாடுகிறான். எது உண்மை? இரண்டையும் ஒரே கவிஞர்தான் எழுதினார். கோபம் மட்டும் போகவே இல்லை, தேடி வந்த மகனை அப்படிச் சபித்து அனுப்புகிறான், நேற்று ராத்திரி நாங்கள் பார்த்த கதை அந்தச் சாபத்தின் மிச்சம்தான்.

கடைசியில் இடி இடிக்கிறது. இத்தனை வருடம் அடுத்தவர் கையைப் பிடித்து நடந்தவன் எழுந்து, யாரும் என்னைத் தொட வேண்டாம், நான் வழி காட்டுகிறேன் என்று முன்னால் நடக்கிறான். மகள்களைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அழுகை ஓய்ந்து எல்லாம் அமைதியான நேரத்தில் ஒரு குரல் கேட்கிறது, எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிகிறது. தெய்வம் அவனைக் கூப்பிடுகிறது.

அக்கா புத்தகத்தை விரல் வைத்துத் திறந்தாள். கீழே பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், வெளிச்சம் குறைந்துவிட்டது. முதலில் கிரேக்கத்தில் படித்தாள். பிறகு, "ஏய், ஈடிபஸ், ஏன் இன்னும் கிளம்பாம இருக்கோம்? உன்னாலதான் வெகுநேரமா தாமதமாகுது" என்றாள்.

"இருக்கோம்னா, தெய்வமும் சேர்த்தா?" என்று கேட்டேன்.

"சேர்த்துத்தான். கிரேக்கத்துல ஒரே சொல்தான், நாங்களா நாமான்னு பிரிக்க வழியில்ல. தமிழ்ல எழுதினா நீ எதைப் போடுவே?"

அவளே பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாக எழுதினாள்: நாம்.